கார்டு இருக்கு, கிளினிக் இல்லையா? அமெரிக்காவில் மெடிகெய்ட் ஏற்கும் நர்ஸ் பிராக்டிஷனரைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் வேலை போனால் சம்பளம் மட்டும் போகாது. கம்பெனி கொடுத்த ஹெல்த் இன்ஷூரன்ஸும் சேர்ந்தே போய்விடும். 'கோப்ரா' என்ற ஏற்பாட்டின்படி அதே இன்ஷூரன்ஸைக் கொஞ்ச காலம் தொடரலாம்தான். ஆனால், அதுவரை கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து மொத்த பிரீமியத்தையும் நாமே கட்ட வேண்டும். சம்பளம் நின்றுபோன மாதத்தில் அது எத்தனை பேரால் முடியும்?

அங்கே வசிக்கும் பல குடும்பங்கள் முதன்முதலாக மெடிகெய்டுக்கு விண்ணப்பிப்பது இப்படியொரு நேரத்தில்தான். விண்ணப்பம் ஏற்கப்பட்டு, கார்டும் தபாலில் வந்துவிடுகிறது. 'அப்பாடா' என்று மூச்சு விட்டு, ஆஸ்துமா இருக்கும் பையனுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்க போனை எடுத்தால், அடுத்த பிரச்னை ஆரம்பிக்கிறது. "சாரி, நாங்க மெடிகெய்ட் எடுக்கறதில்லை" என்கிறது முதல் கிளினிக். "எடுக்கறோம், ஆனா இப்போ புது பேஷன்ட் எடுக்கறதில்லை" என்கிறது இரண்டாவது. மூன்றாவது இடத்தில், "அந்த டாக்டர் இங்கேருந்து போய் ரொம்ப நாளாச்சே!" என்கிறார்கள். இங்கே இன்ஹேலரில் இன்னும் 20 பஃப்தான் மிச்சம்.

இந்த நிலையில் இருப்பவர்களும், அங்கே பிள்ளைகள் இருக்கும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. மெடிகெய்ட் கார்டுக்குக் கதவு திறக்கும் இடங்களில் பல நேரம் உங்களைப் பார்க்கப்போவது டாக்டர் அல்ல. 'ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர்'. அவர்களை எங்கே தேடுவது, போனில் என்ன கேட்பது என்று தெரிந்தால், பல நாள் அலைச்சல் மிச்சமாகும்.

"நர்ஸ்கிட்டயா காட்டச் சொல்றே?"

நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஊசி போடும், பி.பி. பார்க்கும் நர்ஸை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். நர்ஸ் பிராக்டிஷனர் அந்த வேலையிலிருந்து தொடங்கி, மேற்கொண்டு படித்தவர். நர்சிங் பட்டம் பெற்று, ரிஜிஸ்டர்டு நர்ஸாகப் பதிவு செய்து, அதன் மேல் முதுகலைப் பட்டமோ டாக்டரேட்டோ முடித்து, தேசிய அளவிலான சான்றிதழ் தேர்விலும் தேறியிருப்பார். சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையில் 'எஃப்.என்.பி.-சி' அல்லது 'எஃப்.என்.பி.-பி.சி' என்று இருந்தால், அவர் குடும்ப மருத்துவத்தில் சான்று பெற்றவர் என்று அர்த்தம். கைக்குழந்தை முதல் தாத்தா, பாட்டி வரை எல்லா வயதினரையும் பார்க்கும் பயிற்சி அவருக்கு உண்டு.

உடலைப் பரிசோதிப்பது, ரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் எழுதிக் கொடுப்பது, என்ன நோய் என்று கண்டறிவது, மருந்து எழுதுவது, தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொள்வது, சுகர், பி.பி., ஆஸ்துமா போன்றவற்றை மாதக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பது... இவை எல்லாம் அவர் வேலை. 50 மாநிலங்களிலும் அவரால் பிரிஸ்கிரிப்ஷன் எழுத முடியும். வாஷிங்டன், ஓரிகான், அரிசோனா, கொலராடோ போன்ற மாநிலங்களில் டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் தனியாகவே கிளினிக் நடத்தலாம். டெக்சாஸ், ஜார்ஜியா போன்றவற்றில் ஒரு டாக்டருடன் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். இந்த வித்தியாசம் உங்கள் தேடலிலும் குறுக்கே வரும். எப்படி என்று பிறகு பார்ப்போம்.

ஆபரேஷனோ சிக்கலான இதய நோயோ என்றால் அவரே ஸ்பெஷலிஸ்ட்டிடம் அனுப்பிவைப்பார். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் எந்த கிளினிக்குக்கும் போன் போட்டுக் காத்திருக்கக் கூடாது; நேராக 911தான்.

எல்லாம் 1965-ல் ஆரம்பித்தது

நர்ஸ் பிராக்டிஷனரும் மெடிகெய்டும் ஒரே வயதுக்காரர்கள். லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தைகள் நல மருத்துவரும் சேர்ந்து கொலராடோ பல்கலைக்கழகத்தில் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கியது 1965-ல். டாக்டர்கள் எட்டாத கிராமங்களிலும் ஏழைக் குடியிருப்புகளிலும் குழந்தைகளை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை அது. அதே ஆண்டு ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் மெடிகேர், மெடிகெய்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆண்டு முடிவதற்குள், டிசம்பரில், பாஸ்டன் நகரின் கொலம்பியா பாயின்ட் குடியிருப்பில் சமுதாய சுகாதார மையம் ஒன்று திறந்தது. இன்று நாடு முழுக்க இருக்கும் சுகாதார மையங்களுக்கு அதுதான் முன்னோடி.

இந்த மூன்றும் இன்றுவரை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே நடக்கின்றன. அதனால்தான் மெடிகெய்ட் கார்டோடு தேடுபவர் நர்ஸ் பிராக்டிஷனரைத் தேடுவது நல்லது என்கிறோம். இதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. மெடிகெய்டில் எந்தெந்த சேவைகளுக்கு மாநிலங்கள் கட்டாயம் பணம் தர வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. சான்று பெற்ற ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனரின் சேவை அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. 'எங்க ஸ்டேட்ல நர்ஸ் பிராக்டிஷனர்கிட்ட போனா மெடிகெய்ட் காசு தராது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில் உங்கள் கார்டைப் படியுங்கள்

மெடிகெய்ட், மெடிகேர்... கேட்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு. மெடிகேர் பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு. மத்திய அரசு நடத்துவது. கிரீன் கார்டோடு தொடர்ந்து 5 ஆண்டுகள் அங்கே வசித்த 65 வயதுப் பெற்றோர், அங்கே வேலை பார்த்திருக்காவிட்டாலும், பிரீமியம் கட்டி அதில் சேர முடியும். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா, அம்மாவுக்கு இரண்டுமே கிடையாது. அவர்களுக்குப் பயணக் காப்பீடுதான்.

மெடிகெய்ட் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கானது. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து செலவு செய்கின்றன. யாருக்குக் கிடைக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் வேலை இழந்த பெற்றோருக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் குழந்தைக்குக் கிடைக்கலாம். குழந்தைகளுக்கான வருமான வரம்பு பெரியவர்களுக்கு உள்ளதைவிட உயர்வு. அமெரிக்காவில் பிறந்த குழந்தை அந்நாட்டுக் குடிமகன் என்பதால், பெற்றோர் ஹெச்-1பி விசாவில் இருந்தாலும் குழந்தைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டுக் காத்திருப்பு உண்டு. குடியேற்ற விதிகள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிப்பதற்கு முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கார்டில் 'மெடிகெய்ட்' என்ற சொல்லே இல்லாமலும் இருக்கலாம். கலிஃபோர்னியாவில் அதன் பெயர் மெடி-கால். நியூ ஜெர்ஸியில் என்.ஜே. ஃபேமிலிகேர், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், வாஷிங்டனில் ஆப்பிள் ஹெல்த், டென்னஸியில் டென்கேர். இதற்கும் மேல் இன்னொரு அடுக்கு இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் மெடிகெய்டைத் தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பிளான்கள் வழியாக நடத்துகின்றன. ஒரே மாநிலத்தில், ஒரே மெடிகெய்டில், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பிளானும் உங்களுக்கு இன்னொன்றும் இருக்கும். அவர் போகும் கிளினிக் உங்கள் பிளானை எடுக்காமல் போகலாம். 'மெடிகெய்ட் எடுப்பீங்களா?' என்று மட்டும் கேட்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஏன் இத்தனை பேர் 'எடுப்பதில்லை'?

காரணம் எளிமையானது: பணம். ஒரே பரிசோதனைக்குத் தனியார் இன்ஷூரன்ஸ் தருவதைவிட மெடிகேர் குறைவாகத் தரும். பெரும்பாலான மாநிலங்களில் மெடிகெய்ட் அதைவிடவும் குறைவாகத் தரும். போதாததற்குக் காகித வேலையும் உண்டு. சொந்தமாக கிளினிக் நடத்துபவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மெடிகெய்ட் பேஷன்ட்டுகள் இத்தனை பேர் போதும் என்று நிறுத்திக்கொள்கிறார், அல்லது எடுப்பதே இல்லை.

சமுதாய சுகாதார மையங்களில் இந்தக் கணக்கு வேறு மாதிரி. அவற்றுக்கு மெடிகெய்ட் ஒரு விசிட்டுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் தருகிறது. பார்த்தவர் டாக்டரா, நர்ஸ் பிராக்டிஷனரா என்று பிரித்து அதைக் குறைப்பதில்லை. அதனால் மெடிகெய்ட் கார்டு அங்கே சுமையாகத் தெரிவதில்லை. மத்திய அரசின் உதவித்தொகை பெறும் இந்த மையங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடிப் பேருக்கு மேல் வருகிறார்கள். பணம் கட்ட முடியவில்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அவற்றுக்கான விதி. இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களிடம் வருமானத்துக்கு ஏற்ப கட்டணத்தைக் குறைத்து வாங்குகிறார்கள்.

எங்கே தேடுவது?

முதல் இடம் இந்த மையங்கள்தான். அமெரிக்க அரசின் ஹெச்.ஆர்.எஸ்.ஏ. என்ற சுகாதார அமைப்பின் இணையதளத்தில் 'ஃபைண்ட் எ ஹெல்த் சென்டர்' என்ற பக்கம் இருக்கிறது. உங்கள் ஊரின் ஜிப் கோடைப் போட்டால் அருகில் உள்ள மையங்கள் வரைபடத்தோடு வந்துவிடும்.

சிறிய ஊரில் இருக்கிறீர்களா? 'ரூரல் ஹெல்த் கிளினிக்' எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். 1977-ல் வந்த ஒரு சட்டத்தின் கீழ் நடப்பவை இவை. கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் குறைந்தது பாதி நேரமாவது நர்ஸ் பிராக்டிஷனர், ஃபிசிஷியன் அசிஸ்டென்ட், மிட்வைஃப் ஆகியோரில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நிபந்தனை. எனவே, நர்ஸ் பிராக்டிஷனரைத் தேடிப் போகிறவருக்கு இங்கே வாய்ப்பு அதிகம்.

கவுன்ட்டி சுகாதாரத் துறை நடத்தும் கிளினிக்குகள், சில பள்ளிகளுக்குள்ளேயே இயங்கும் சுகாதார மையங்கள், நர்சிங் கல்லூரிகள் நடத்தும் கிளினிக்குகள் ஆகியவையும் பார்க்க வேண்டிய இடங்கள். பிள்ளையின் பள்ளி நர்ஸிடம் கேட்டுப் பாருங்கள். மெடிகெய்ட் எடுக்கும் கிளினிக் பக்கத்தில் எது என்று பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்தது, கார்டின் பின்பக்கம் இருக்கும் 'மெம்பர் சர்வீசஸ்' எண். பிளானின் இணையதளத்திலும் பட்டியல் உண்டு. யார் என்ன மொழி பேசுவார், புது பேஷன்ட் எடுக்கிறாரா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பட்டியல்கள் பழசாகிவிடுகின்றன. அதைப் பார்த்துவிட்டு நேரே கிளம்பாதீர்கள். போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பட்டியலில் நர்ஸ் பிராக்டிஷனர் பெயரே காணோம் என்றாலும் சோர்ந்துவிட வேண்டாம். முன்பு சொன்ன மாநில வித்தியாசம் இங்கேதான் வருகிறது. டாக்டரோடு ஒப்பந்தம் தேவைப்படும் இடங்களில், பட்டியலிலும் உங்கள் கார்டிலும் அந்த டாக்டரின் பெயர் மட்டும் இருக்கலாம். நேரில் பார்ப்பது அவருடன் வேலை செய்யும் நர்ஸ் பிராக்டிஷனராக இருக்கும். அதனால் ஆள் பெயரை வைத்துத் தேடாமல், கிளினிக் பெயரை வைத்துத் தேடுங்கள்.

போனில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

கையில் கார்டு, பேனா, பேப்பர் வைத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்:

1. "எங்க பிளானோட பேர் இது. இதை நீங்க எடுக்கறீங்களா?" - மெடிகெய்ட் என்று பொதுவாகச் சொல்லாமல், கார்டில் உள்ள பிளான் பெயரை அப்படியே படியுங்கள்.

2. "இந்த முகவரியில இருக்கற கிளினிக்லயே எடுக்கறீங்களா?" - ஒரே நிறுவனத்துக்கு நாலு கிளைகள் இருக்கும். எல்லாக் கிளைகளும் எல்லா பிளானிலும் இருக்காது.

3. "உங்க நர்ஸ் பிராக்டிஷனரும் இந்த பிளான்ல சேர்ந்துட்டாங்களா?" - புதிதாக வேலைக்கு வந்தவரை பிளானில் பதிவு செய்து முடிக்க நாளாகும். கிளினிக் நெட்வொர்க்கில் இருந்து, அவர் மட்டும் இன்னும் சேராமல் இருக்கலாம்.

4. "இந்த பிளான்ல புது பேஷன்ட் எடுக்கறீங்களா? சீக்கிரமா கிடைக்கற அப்பாயின்ட்மென்ட் என்னிக்கு?" - 'எடுக்கிறோம்' என்றுவிட்டு மூன்று மாதம் கழித்துத் தேதி கொடுத்தால், அதை வாங்கி வைத்துக்கொண்டே வேறு இடமும் தேடுங்கள். கேன்சல் லிஸ்ட்டில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

5. "6 வயசுக் குழந்தையைப் பார்ப்பாங்களா?" - படிப்பு எல்லா வயதுக்கும் என்றாலும், சில கிளினிக்குகளில் பெரியவர்களை மட்டும் பார்க்கும்படி வைத்திருப்பார்கள்.

யாரிடம் பேசினீர்கள், எந்தத் தேதியில் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நர்ஸ் பிராக்டிஷனரின் 10 இலக்க என்.பி.ஐ. எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இது ரகசிய எண் அல்ல. அரசு இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது. பிறகு உங்கள் பிளானுக்கு போன் செய்து, அந்த எண்ணைச் சொல்லி, "இவங்க நெட்வொர்க்ல இருக்காங்களா?" என்று கேட்டுவிடுங்கள். கிளினிக், பிளான் இரண்டும் 'ஆமாம்' என்றால்தான் அது ஆமாம். உங்கள் கார்டில் வேறொருவர் பெயர் முதன்மை மருத்துவராக இருந்தால், அதே போனில் மாற்றச் சொல்லிவிடுங்கள். நீங்கள் யாரையும் தேர்ந்தெடுக்காவிட்டால், பிளானே ஒருவரை ஒதுக்கியிருக்கும்.

உங்களுக்கு உள்ள உரிமைகள்

பலரும் கேட்காமலேயே விட்டுவிடும் சில விஷயங்கள் இவை.

*தமிழில் பேசலாம்:* மெடிகெய்ட் பணம் வாங்கும் கிளினிக் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்து தர வேண்டும். பெரும்பாலும் போன் வழியாகத் தமிழ் பேசுபவர் இணைவார். அம்மாவின் உடம்பைப் பற்றி 10 வயதுப் பேரன் மொழிபெயர்க்க வேண்டிய சங்கடம் தேவையில்லை. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேணும்" என்று சொல்லிவிடுங்கள்.

*வண்டி கேட்கலாம்:* கார் இல்லாதவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வரும் ஏற்பாடும் மெடிகெய்டில் உண்டு. சில நாள்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

*மருந்து நின்றுபோகக் கூடாது:* சில மருந்துகளுக்கு பிளானின் முன் அனுமதி வேண்டும். அனுமதி வருவதற்குள் அவசரமாகத் தேவைப்பட்டால், குறைந்தது 72 மணி நேரத்துக்கான மருந்தைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஃபார்மசியில் இதைக் கேளுங்கள். பழைய இன்ஷூரன்ஸ் இருக்கும்போதே பழைய டாக்டரிடம் இன்ஹேலருக்கு ரீஃபில் எழுதி வாங்கிவிடுவது இன்னும் புத்திசாலித்தனம்.

*மீதிப் பணம் கேட்கக் கூடாது:* மெடிகெய்டை ஏற்கும் கிளினிக், அது தரும் தொகையையே முழுக் கட்டணமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குச் சிறு கோ-பே இருக்கலாம். 'மெடிகெய்ட் கொடுத்தது போக மீதி 140 டாலர் கட்டுங்கள்' என்பது மாதிரி பில் வந்தால், பயந்துபோய் உடனே கட்டிவிடாதீர்கள். முதலில் பிளானுக்கு போன் செய்யுங்கள்.

எங்குமே கிடைக்கவில்லை என்றால்?

விசாரித்த கிளினிக்குகளின் பெயர், தேதி, அவர்கள் சொன்ன பதில் ஆகியவற்றை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு மெம்பர் சர்வீசஸுக்கு போன் போடுங்கள். "நான் இத்தனை இடம் கேட்டுட்டேன். நீங்களே ஒரு இடம் பார்த்துக் கொடுங்க" என்று கேளுங்கள். நெட்வொர்க்குக்குள் தர முடியாத சேவையை வெளியிலிருந்தாவது ஏற்பாடு செய்ய வேண்டியது பிளானின் கடமை. அப்படியும் நடக்காவிட்டால், 'கிரீவன்ஸ்' எனப்படும் புகாரைப் பதிவு செய்யலாம். பிளானில் சேர்ந்து 90 நாள்களுக்குள் என்றால், காரணம் எதுவும் சொல்லாமலேயே வேறு பிளானுக்கு மாறலாம். எந்த பிளானுக்கு மாறுவது? உங்களுக்குப் பிடித்த கிளினிக்கிடமே, "நீங்க எந்தெந்த மெடிகெய்ட் பிளான் எடுக்கறீங்க?" என்று கேட்டு, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் விசிட்டுக்கு...

கார்டு, அடையாள அட்டை, சாப்பிடும் மருந்துகளின் பாட்டில்கள், பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், குழந்தையின் தடுப்பூசி ரெக்கார்டு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த சித்தா, ஆயுர்வேத மருந்து ஏதாவது சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மெடிகெய்டில் கண், பல், காது பரிசோதனைகளும் சேர்ந்தே வரும். அவற்றுக்கும் அன்றே ரெஃபரல் கேட்டுவிடலாம்.

கடைசியாக, தபால் பெட்டியைக் கவனியுங்கள். வாடகை குறைவான வீட்டுக்கு மாறியிருந்தால் புது முகவரியை மெடிகெய்ட் அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், பதில் வராத காரணத்தால் கார்டை இழப்பவர்கள் நிறைய பேர். 19 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 2024 முதல் ஒருமுறை மெடிகெய்ட் கிடைத்தால் 12 மாதம் தொடரும். நடுவில் உங்களுக்கு வேலை கிடைத்து வருமானம் ஏறினாலும் அது நிற்காது. அந்த ஒரு வருடத்தில், பையனின் ஆஸ்துமாவை ஒரே நர்ஸ் பிராக்டிஷனர் தொடர்ந்து பார்த்துவந்தால், எந்த மாதத்தில் இழுப்பு அதிகமாகிறது, எந்த மருந்து கேட்கிறது என்பதெல்லாம் அவருக்கே தெரிந்துவிடும். புது வேலையும் புது இன்ஷூரன்ஸும் வந்த பிறகு, அதையும் அவர் எடுக்கிறாரா என்று கேளுங்கள். எடுத்தால், அவரிடமே தொடரலாம்.